'புரிஞ்சுதா?' என்று கேட்டால் பதில் வராது: கடலோரப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

கலந்தாய்வில் ராமநாதபுரம் மாவட்டம் கிடைத்து, மண்டபம், தொண்டி, சாயல்குடி என்று கடலோரத்தில் ஏதோ ஒரு பள்ளியில் சேர்ந்திருப்பீர்கள். முதல் வாரமே ஒன்று தெரிந்திருக்கும். பாடம் முடித்து "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பு மொத்தமும் ஒரே ராகத்தில் "புரிஞ்சுது சார்" என்று இழுக்கும். மறுநாள் அதே பாடத்தில் ஒரு கேள்வி போட்டால் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அப்படிக் கேட்டால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே பழகியிருக்கிறார்கள்.

பாடம் எப்படிப் போகிறது, வகுப்பில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கிறது என்று பிள்ளைகளிடம் உண்மையான பதில் வாங்க வழி உண்டு. பெரிய செலவோ படிவமோ வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: கேட்ட ஒரு வாரத்துக்குள் ஏதாவது ஒன்று மாறியதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு மனமில்லை என்றால் கேட்கவே கேட்காதீர்கள். கேட்டுவிட்டுக் கிடப்பில் போட்டால் அடுத்த தடவை "எல்லாம் நல்லாருக்கு சார்" என்பதைத் தவிர வேறெதுவும் வராது.

முதல் சில வாரம்: கேட்காமல் கவனியுங்கள்

சேர்ந்த உடனே கருத்துக் கேட்கக் கிளம்ப வேண்டாம். வெளி மாவட்டத்திலிருந்து வரும் ஆசிரியர் மாறுதல் கிடைத்ததும் போய்விடுவார் என்பதை இந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். "நீங்களும் போயிருவீகளா டீச்சர்?" என்று யாராவது நேராகவே கேட்பார்கள். மழுப்பாதீர்கள். "இந்த வருஷம் முழுக்க இருப்பேன்" என்பது உண்மையானால் அதைச் சொன்னால் போதும்.

அந்த வாரங்களில் ஊரின் நாட்காட்டியைப் படித்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நம் கோடை விடுமுறையும் ஏறக்குறைய அதே நாட்கள்தான். ஆக, பள்ளி திறந்த சூட்டில் படகுகளும் கிளம்பும். இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் இருந்த வீடுகளில் அப்போது பேச்சு முழுக்க டீசல், ஐஸ், முதல் தடவை கடலுக்குப் போனால் என்ன மீன் கிடைக்கும் என்பதுதான். பெரிய பையன்கள் பாதிப் பேர் மனதளவில் துறைமுகத்தில் இருப்பார்கள். அந்த வாரத்தில் வகுப்பைப் பற்றிக் கேட்டால் எழுத அவர்களுக்கு ஒன்றும் இருக்காது.

ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இன்னொன்றும் உண்டு. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்ற செய்தி வந்த நாளில் எந்தக் கருத்தும் கேட்காதீர்கள். வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பாவோ சித்தப்பாவோ யாழ்ப்பாணச் சிறையில் இருக்கக்கூடும். அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் பாடம் பிடித்திருக்கிறதா என்று கேட்பது, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு கேட்டாலும், அபத்தம்.

கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் ஜும்மா தொழுகை இருக்கிற வெள்ளிக்கிழமை மதியத்தை விட்டுவிடுங்கள். ஏர்வாடி சந்தனக்கூடு, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, அந்தந்த ஊர்க் கோயில் கொடை என்று வருகிற நாட்களில் வருகை குறையும். வந்தவர்கள் மட்டும் சொன்னதை வகுப்பின் கருத்தாக எடுத்துக்கொள்ள முடியாது. ஜூலை நடுவில் ஒரு தடவை, பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசியில் ஒரு தடவை என்றால் சரியாக இருக்கும். தேர்வுத்தாள் கொடுத்த மறுநாள் கேட்கவே கூடாது. மார்க் குறைந்த கோபம்தான் சீட்டில் வரும்.

என்ன கேட்பது

"நான் எப்படிப் பாடம் நடத்துறேன்?" என்று கேட்டால் "சூப்பர் சார்" என்று பதில் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் ஆசிரியரின் முகத்துக்கு நேரே வேறென்ன சொல்லும்? உங்களைப் பற்றிக் கேட்காமல் பாடத்தைப் பற்றி, இடத்தைப் பற்றி, நேரத்தைப் பற்றிக் கேளுங்கள். மூன்று கேள்வி போதும், நாலாவது வேண்டாம்:

இந்த வாரப் பாடத்தில் எந்த இடத்தில் விட்டுப்போச்சு? பக்க எண் எழுதினாலும் போதும்.

வகுப்பில் நடப்பதில் எதை நிறுத்தக் கூடாது?

எந்த ஒன்றை மாற்றினால் உனக்கு வசதியாக இருக்கும்?

இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மிகவும் உதவுகிற கேள்வி. குறைகளை மட்டும் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றப் போனால், பிள்ளைகளுக்குப் பிடித்திருந்த ஒன்றையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவோம். வகுப்பு தொடங்கும்போது இரண்டு நிமிடம் ஊர்ச் செய்தி கேட்பது, போர்டில் கணக்குப் போட ஆளைக் கூப்பிடாமல் தாங்களாக வரச் சொல்வது என்று நாம் யோசிக்காமல் செய்கிற சின்னச் சின்ன விஷயங்கள்தான் இந்தக் கேள்விக்குப் பதிலாக வரும்.

மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு எழுத்து வேண்டாம். வகுப்பறையைப் படமாக வரையச் சொல்லி, தனக்குப் பிடித்த இடத்தில் நட்சத்திரமும் பிடிக்காத இடத்தில் பெருக்கல் குறியும் போடச் சொல்லுங்கள். கதவோரம் பெருக்கல் குறி குவிந்திருந்தால் போய் அங்கே உட்கார்ந்து பாருங்கள். காரணம் தானாகத் தெரியும்: கழிப்பறை வாடையோ, மத்தியான வெயிலோ, தள்ளிவிடுகிற பெரிய பையனோ.

துண்டுச்சீட்டு

பழைய நோட்டின் எழுதாத தாளை நாலாகக் கிழித்தால் சீட்டு தயார். பெயர் வேண்டாம், பென்சிலில் எழுதட்டும். சீட்டை வகுப்புத் தலைவன் வாங்கக் கூடாது, முதல் பெஞ்சுக்காரர் வாங்கவும் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து வந்து தன் கையால் ஒரு மூடி போட்ட டப்பாவில் போட வேண்டும். மேஜையில் விரித்து வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மண்டபம், பாம்பன் பக்கம் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலைத் திறந்தால் மேஜையில் எதுவும் நிற்காது. பெயர் போடாத சீட்டு பறந்து பக்கத்து வகுப்புக்குப் போனால் அந்த வருடத்துக் கதை அதோடு முடிந்தது.

"யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இருபது பேர் வகுப்பில் ஒரு மாதத்தில் எல்லார் கையெழுத்தும் உங்களுக்குத் தெரிந்துவிடும். அது பிள்ளைகளுக்கும் தெரியும். "தெரிஞ்சாலும் கேட்க மாட்டேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு. இதற்கும் ஒரு விலக்கு உண்டு, பிறகு சொல்கிறேன். அந்த விலக்கையும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எழுதத் தயங்குகிற பிள்ளைகளுக்காகப் போர்டில் ஐந்தாறு வரிகளை எண் போட்டு எழுதிவிடலாம்: 1. வேகமாகப் போகுது, 2. போர்டு தெரியலை, 3. சத்தமா இருக்கு, 4. கேள்வி கேட்கப் பயமா இருக்கு, இப்படி. எண்ணை மட்டும் எழுதினால் போதும். ஆறாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை இருக்கும். சீட்டில் தப்பும் தவறுமாக எழுதினால் கேலி வரும் என்ற பயத்தில் அது வெற்றுத்தாளை மடித்துப் போடும். எண் இருந்தால் அதன் குரலும் வந்துவிடும்.

யார் குரல் வரவில்லை

சீட்டு எல்லாம் வந்துவிட்டது என்று திருப்திப்படும் முன் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். அன்றைக்கு வராதவர்கள் யார்? பெரும்பாலும் நீங்கள் கேட்டே ஆக வேண்டியவர்கள் அவர்கள்தான். மறுநாள் வந்ததும் தனியாக ஒரு சீட்டுக் கொடுங்கள்.

வந்தவர்களிலும் ஒரு சீட்டை அப்படியே நம்பிவிட முடியாது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பில் நாலைந்து சீட்டில் ஒரே வரி வந்தது: "மொத பீரியட் கணக்கு வேணாம்." கணக்கு பிடிக்காத பிள்ளைகள் என்று தள்ளிவிடத் தோன்றும். மறுநாள் வகுப்பில் யாரையும் குறிவைக்காமல், "முதல் பீரியட்ல என்ன சிரமம், சும்மா சொல்லுங்க" என்று பேச்சுக்கொடுத்தோம். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு பெண் சொன்னாள்: "அம்மா பாசிக்குப் போற அன்னைக்கி நாந்தான் தம்பியக் கெளப்பி விட்டுட்டு வரணும் டீச்சர். நான் வாரப்ப கணக்குல பாதி ஓடிருது. அப்பறம் ஒண்ணும் வெளங்கல."

கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் நீரோட்டம் பார்த்து விடியும் முன்பே கிளம்புவார்கள். அன்றைக்கு வீட்டில் அடுப்பும் தம்பி தங்கையும் மூத்த பெண் பிள்ளையின் பொறுப்பு. கணக்கில் ஒரு படியை விட்டால் அடுத்த படி நிற்காது. தமிழ் வாசிப்பில் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் சேர்ந்துகொள்ளலாம். தமிழாசிரியரிடம் பேசி, தலைமையாசிரியர் சம்மதத்தோடு பீரியடை மாற்றிக்கொண்டோம். செலவு ஒன்றும் இல்லை. "கணக்கு வேணாம்" என்று எழுதியவர்களில் ஒருத்திக்கு அந்த வகுப்பிலேயே பிடித்த பாடம் கணக்குதான்.

மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளைகளையும் கவனியுங்கள். இலங்கைத் தமிழ்ப் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரித்த அனுபவம் இருந்தால் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். சத்தமாகச் சொல்லச் சொல்லிக் கருத்துக் கேட்டால் அவர்கள் பங்கு எப்போதும் வெறுமையாகவே இருக்கும். அவர்களுக்குச் சீட்டுதான் சரி.

சொன்னால் கோபிக்க மாட்டார் என்ற நம்பிக்கை

சீட்டு ஒரு தொடக்கம்தான். கொஞ்ச நாளில் பிள்ளைகள் வாய்விட்டே "வெளங்கல" என்று சொல்ல வேண்டும். இதற்கு இந்தக் கரையிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நடந்ததாக அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்னது. சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று போர்டில் படம் போட்டு விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றார் கலாம். மற்ற பிள்ளைகளிடமும் கேட்டார், அவர்களுக்கும் புரியவில்லை. ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் வகுப்பைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளையே காட்டிப் பாடம் நடத்தினார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பறவையோடும் விமானத்தோடும் நிறுத்திவிடுவார்கள். நமக்கு வேண்டிய விஷயம் அதற்கு முன்னால் இருக்கிறது. ஒரு பையன் புரியவில்லை என்றதும் அவனைத் தனியாக நிற்கவைக்காமல் மற்றவர்களையும் கேட்டது, சொன்ன அன்றைக்கே பாடத்தை வேறு மாதிரி நடத்திக் காட்டியது. இரண்டையும் நாமும் செய்யலாம். கடற்கரைதான் வேண்டும் என்றில்லை.

சீட்டைப் படிக்கும்போது

வீட்டில், தனியாக, தேநீர் குடித்துவிட்டுப் படியுங்கள். ஆசிரியர் அறையில் பிரிக்காதீர்கள். "சார் எப்பவும் சிடுசிடுன்னு இருக்காக", "டீச்சர் அந்த மூணு பேர மட்டும்தான் கேப்பாக" என்று வரும். சுருக்கென்று இருக்கும். யார் எழுதியது என்று கையெழுத்தை ஒப்பிடத் தோன்றினால் சீட்டை மூடி வைத்துவிட்டு மறுநாள் எடுங்கள்.

பிறகு பிரிக்க வேண்டியதுதான். நாளைக்கே நான் மாற்றக்கூடியவை ஒரு பக்கம்: போர்டில் எழுத்து சின்னது, வேகம், உட்காரும் இடம். தலைமையாசிரியரிடமோ பள்ளி மேலாண்மைக் குழுவிடமோ கொண்டுபோக வேண்டியவை இன்னொரு பக்கம்: குடிதண்ணீர் உப்பாக இருக்கிறது, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இவை உங்கள் பாடத்தைப் பற்றியவை அல்ல என்று ஒதுக்க வேண்டாம். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் போகாமல் இருக்கக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத ஒன்பதாம் வகுப்புப் பெண், மதியம் உங்கள் பாடத்தில் எப்படி விழித்திருப்பாள்? மூன்றாவது, நம்மால் ஆகாதவை: பாடப்புத்தகம் பெரிசு, தேர்வே வேண்டாம்.

இந்த மூன்றிலும் சேராத சீட்டு எப்போதாவது வரும். அடி, தகாத தொடுதல், கல்யாணப் பேச்சு, படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற பயம். நான் சொன்ன விலக்கு இதுதான். இங்கே ரகசியம் காக்கிற வாக்கு செல்லாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பாலியல் குற்றம் என்றால் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதே குற்றம். தலைமையாசிரியரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், பள்ளிக்கல்வித் துறையின் 14417 இரண்டும் இருக்கின்றன. நீங்களே விசாரணை நடத்தாதீர்கள், அந்தப் பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். உங்கள் பள்ளியில் பிள்ளைகள் புகார் எழுதிப் போடுகிற 'மாணவர் மனசு' பெட்டி இருந்தால் அதன் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்றும் கேட்டு வையுங்கள்.

திருப்பிச் சொல்வது

இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். சீட்டு வாங்கி ஒரு வாரத்துக்குள், முடிந்தால் இரண்டே நாளில், வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி மூன்று விஷயம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது இது. இதில் இதை நான் மாற்றுகிறேன், இன்றைக்கே. இதை மாற்ற முடியாது, காரணம் இது.

சின்ன மாற்றமாக இருக்கட்டும், ஆனால் கண்ணில் படுவதாக இருக்க வேண்டும். "இனிமே நல்லா நடத்துறேன்" என்பது மாற்றம் இல்லை. அதை யாராலும் பார்க்க முடியாது. கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து வருகிற வெளிச்சத்தில் போர்டு பளபளத்து, வலப்பக்கத்துக் கடைசி இரண்டு பெஞ்சுக்கு எழுத்தே தெரியவில்லை என்று சீட்டு வந்தால், அன்றைக்கே போர்டின் இடது பாதியில் மட்டும் எழுதத் தொடங்குங்கள். வாரத்துக்கு ஒருமுறை பெஞ்சு மாறி உட்காரச் சொல்லுங்கள். திங்கட்கிழமை வந்ததும் பிள்ளைகளே மேஜையை நகர்த்த ஆரம்பிப்பார்கள். அடுத்த தடவை சீட்டு இரண்டு வரி கூடுதலாக வரும்.

முடியாததை முடியாது என்று சொல்வதற்குத் தயங்காதீர்கள். "தண்ணீர் விஷயம் என் கையில் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கிறேன், என்ன சொன்னார்கள் என்று உங்களிடம் வந்து சொல்கிறேன்" என்றால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்பது சட்டம். உங்கள் வகுப்புப் பிள்ளையின் அம்மாவே உறுப்பினராக இருக்கலாம். கூட்டத்தில் எதுவும் நடக்காவிட்டாலும் "பேசினேன், இன்னும் முடிவாகவில்லை" என்று வந்து சொல்லிவிடுங்கள்.

சீட்டுகளை வகுப்பில் வாசிக்காதீர்கள். உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். ஒரு வரியை அப்படியே வாசித்தால் எழுதியது யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். பிறகு தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

சக ஆசிரியர்கள்

"பிள்ளைகள்கிட்ட மார்க் வாங்கவா சார் வந்தீங்க?" என்று ஒரு மூத்தவர் கேட்பார். பெரும்பாலும் அவர் பயம் வேறு: பிள்ளைகள் தன்னைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்பது. அதனால் தொடங்கும் முன் தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பாடத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். வேறு ஆசிரியர் பெயர் வந்த சீட்டை, பிள்ளைக்குத் தீங்கு என்ற விஷயம் இல்லாவிட்டால், தனியே எடுத்துப் போட்டுவிடுங்கள். அதைப் பேச்சாக்கினால் உங்களுக்கும் அவருக்கும் மட்டுமல்ல, எழுதிய பிள்ளைக்கும் சிக்கல்.

குழந்தைகளுக்குத் தங்கள் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு என்பது 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. இந்தியா அதை 1992-இல் ஏற்றுக்கொண்டது. ஆசிரியர் அறையில் இதை எடுத்துச் சொல்லி யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. பெஞ்சு மாறி உட்கார்ந்த வகுப்பு அமைதியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "அது எப்படிச் சார் செஞ்சீங்க?" என்று அவரே ஒருநாள் கேட்டால் சொல்லிக்கொடுக்கலாம்.

மாறுதல் வந்தால்

ஒரு நாள் ஆணை வரும், போவீர்கள். வகுப்பு சொன்னதில் எவை மாறின, எவை பாதியில் நிற்கின்றன என்று ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் பெயர் எதுவும் அதில் வேண்டாம். தலைமையாசிரியரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, உங்கள் இடத்துக்கு வருபவரின் எண்ணை வாங்கி அவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அலமாரியில் வைத்த தாளை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.